கழியோரத்தில் இருபத்திரண்டு மாலைகள்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அப்பாவின் பாதங்கள் மஞ்சளாக இருந்தன. மஞ்சள் என்றால் சந்தனம் பூசியதைப் போன்ற மஞ்சள் அல்ல. லாரிகளின் முகப்பில் நம்பர் எழுதிய பலகை இருக்கிறதே, அந்த மஞ்சள். உள்ளங்கால், விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு என்று எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஏறியிருந்தது. உள்ளங்கைகளும் அதே நிறம்தான். ஆனால் கைகளைக் கட்டிக்கொள்ளலாம். கும்பிட்டால் ஒரு கையின் மஞ்சளை மறு கை மறைத்துவிடும். கால்களுக்கு அந்த வசதி இல்லை.

அப்பா ஊருக்குத் தெற்கே, சிப்காட் பக்கத்தில், ஒரு சாயக் கம்பெனியில் வேலை பார்த்தார். துணிக்குப் போடும் சாயத்தூளைச் சலித்து மூட்டை பிடிக்கும் பகுதி. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும்: காலை, மதியம், இரவு. தூள் எப்படியோ பூட்ஸுக்குள் புகுந்து, வியர்வையில் கரைந்து, தோலுக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் தலையணை உறை, சோப்பு, கதவுத் தாழ்ப்பாள், என் கணக்கு நோட்டின் அட்டை எல்லாவற்றிலும் அந்த மஞ்சள் கொஞ்சம் இருந்தது. வேலை முடிந்து வந்து குழாயடியில் கால் கழுவிவிட்டு அவர் உள்ளே நடந்தால், சிவப்பு சிமெண்ட் தரையில் மஞ்சள் காலடிகள் அடுக்களை வரைக்கும் வரிசையாக விழும். அம்மா ஈரத்துணியோடு பின்னாலேயே போய், காய்வதற்குள் துடைத்துவிடுவாள். தினமும் நடப்பதால் யாருக்கும் அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு வரும்வரை.

அன்று பூசை முடிவில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பெயர்களைப் படித்தார். பெரிய வியாழன் மாலையில், இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பங்கு மக்களில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துண்டால் துடைத்து, குனிந்து பாதத்தில் முத்தமிடுவார். மொத்தக் கோயிலும் எட்டிப் பார்க்கும். பெயர் வருவது பெரிய மரியாதை. பதினோராவதாக அப்பாவின் பெயர் வந்தது. அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. வலது தோள்.

பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பு. என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அப்பா பேங்க்கில் வேலை பார்ப்பவர். அவர் பெயரும் அந்தப் பன்னிரண்டில் இருந்தது.

"எங்கப்பா காலுக்கு பவுடர் போட்டுட்டு வருவாரு," என்றாள் அவள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கப்பா கால்ல தண்ணி ஊத்துனா தட்டு பூரா கேசரி ஆயிடும்டி," என்றாள்.

முன்வரிசைப் பையன் திரும்பி, "ஃபாதர் முத்தம் குடுத்தா அவரு வாயும் மஞ்சளாயிடும்," என்றான். வகுப்பே சிரித்தது.

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது தவறு என்று எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாத விஷயத்துக்குச் சண்டை போடக் கூடாது என்று அன்றைக்கே எனக்கு ஒரு கொள்கை இருந்தது. வீட்டுக்குப் போனதும் அலுமினியத் தாம்பாளத்தை எடுத்து வந்து, அப்பாவின் காலை அதில் வைக்கச் சொல்லி, சொம்பால் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் மஞ்சளாகத்தான் தேங்கியது. அம்மாவின் பழைய வெள்ளைத் துணியில் ஒரு துண்டு கிழித்து அவர் பாதத்தை ஒற்றினேன். ஐந்து விரலும் குதிகாலும் துணியில் அச்சாக விழுந்தன.

அப்பா அந்தத் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "ரேஷன் கார்டுல ஒட்டலாம் போலருக்கே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய வியாழனுக்கு முப்பத்திரண்டு நாள் இருந்தது. அதற்குள் அப்பாவின் பாதம் வெள்ளைத் துணியில் பதியாமல் இருக்க வேண்டும். அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்திகள் பிரித்தேன்: நாள், செய்தது, நிறம். நிறத்தை எழுத ஒரு வரிசையும் வைத்துக்கொண்டேன். லாரிப் பலகை, கேசரி, எலுமிச்சம்பழம், போஸ்ட் கார்டு, வெள்ளை. ஒவ்வொரு ஞாயிறும் துணியில் ஒற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு எழுதிய எல்லா டைரிகளுக்கும் கீழே, பீரோவின் அடித்தட்டில்.

முதல் வாரம் எலுமிச்சை மூடி, புளி, சீயக்காய், சோடா உப்பு, மண்ணெண்ணெய் என்று நாளுக்கு ஒன்றாகப் பார்த்தேன். அப்பாவுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். அவர் வந்து உட்கார்ந்ததும், லாடம் அடிக்கப் போன மாட்டைப் போல, ஒரு காலைத் தூக்கி என் மடியில் வைப்பார்.

"கம்பெனி சோப்புக்கே மசியாதது பாப்பா, புளிக்கு மசியுமா?" என்பார்.

மசியவில்லை. ஆறு நாளும் மூன்றாம் பத்தியில் 'லாரிப் பலகை' என்றே எழுதியிருக்கிறேன். மண்ணெண்ணெய் போட்ட நாளில் மட்டும் பக்கத்தில் 'வாடை' என்று ஒரு குறிப்பு.

தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு சிதம்பரத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பாவின் கால் என் மடியில் இருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா மச்சான், இப்பவே சீடராயிட்டீங்களா?"

"ஒன் அக்கா பொண்ணு வுட மாட்டேங்குறா. நீயாவது சொல்லு," என்றார் அப்பா.

மாமா என் நோட்டை வாங்கிப் படித்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "பாரு, நாள் பூரா கிரீஸ்லயே கெடக்குற கை. எப்புடி இருக்கு? மண்ணு போட்டுத் தேய்க்கிறேன். அதுவும் சாதா மண்ணு இல்ல, கடல் மண்ணு. இந்தத் தெரு சாமிங்கள்லாம் மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் போய் கடல்ல குளிச்சிட்டு வருது. ஒங்கப்பா காலு அதைவிட ஒசத்தியா?"

அம்மா அடுக்களையிலிருந்து, "கடல் பக்கம் அவள எறக்காத. அலை இழுத்துரும். கழிப் பக்கம் போங்க," என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன் நான் செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டேன்.

எங்கள் ஊர்க் கடற்கரையைச் சில்வர் பீச் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து கடலைப் பார்த்து நிற்பார்கள், பலூன் சுடுவார்கள், குதிரை ஏறுவார்கள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கம் இன்னொரு கரை இருக்கிறது. ஆறு கடலோடு சேர்வதற்கு முன் வளைந்து நிற்கும் கழி. அலை கிடையாது. கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல்மேடும் சவுக்கு மரங்களும் நிற்பதால் காற்றும் பாதிதான் வரும். தண்ணீர் கணுக்கால் அளவில் வெகுதூரம் போகும். கடற்கரைக்கு வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. படகுகளும் வலை தைக்கிறவர்களும்தான்.

முதல் நாளே ஒரு சிக்கல் தெரிந்தது. கழியோர மணல் மாவு போல இருந்தது, தேய்த்தால் வழுக்கியது. கடல் பக்க மணலில் கிளிஞ்சல் பொடி கலந்திருந்தது, அதுதான் பிராண்டியது. ஆனால் அங்கே இறங்க எனக்கு அனுமதி இல்லை. ஆகவே மணல்மேட்டில் ஏறி, கடல் பக்கம் ஈரம் தொடங்கும் இடத்துக்கு முன்பே நின்று, ஒரு கொட்டாங்குச்சி நிறைய மணல் அள்ளி, மறுபடி மேடு ஏறி இறங்கி வந்தேன். ஒரு காலுக்கு நாலு கொட்டாங்குச்சி ஆயிற்று. அப்பா தண்ணீரில் ஒரு காலும் என் மடியில் ஒரு காலுமாக உட்கார்ந்தார். ஒரு காலுக்கு முந்நூறு தேய்ப்பு. நான் சத்தமாக எண்ணினேன். மாமா பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு நடுநடுவே வேறு எண்களைச் சொல்லி என்னைக் குழப்பப் பார்த்தார். நான் குழம்பவில்லை.

வாரம் ஒரு நாள்தான் இப்படி வர முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அடுத்த நாள், திங்கட்கிழமை, நாலே முக்காலுக்கு அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். டிபன் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "பாப்பா, கொட்டாங்குச்சி எடுத்துக்கிட்டியா? போலாமா?" என்றார்.

அந்த வாரம் அவருக்கு மதிய ஷிப்ட் வர வேண்டும். கேட்டேன்.

"மாத்திட்டாங்கம்மா," என்றார்.

எவ்வளவு நல்ல கம்பெனி என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் 'ஷிப்ட் மாறியது. இனி தினமும்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அப்படித்தான் தினமும் போனோம். மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிளில் கேரியரில் நான், மடியில் கொட்டாங்குச்சியும் நோட்டும். வெள்ளிக்கிழமைகளில் மாலை கோயிலில் சிலுவைப் பாதை வழிபாடு இருந்ததால் அந்த நாட்கள் மட்டும் விடுமுறை. மற்ற நாட்களில் ஒன்றுகூட விடவில்லை. அப்பாவும் ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. அவர் என்னைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைக்கும்போது கைகள் ஜில்லென்று இருக்கும். சித்திரை நெருங்குகிற வெயிலில் அது சுகமாக இருந்தது. 'அப்பா கை ஜில்' என்று நாலு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பத்தியிலும் சேராததால் ஓரத்தில்.

கழியோரத்தில் தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வலை தைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். முதல் நாலு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்ப்பா, பொண்ணு பாக்கப் போறியா, காலை இந்தத் தேய் தேய்க்கிறே?"

"நா எங்க தேய்க்கிறேன்? அவதான் தேய்க்கிறா," என்றார் அப்பா.

"எங்கப்பாவுக்குக் கோயில்ல கால் கழுவப் போறாங்க," என்றேன் நான்.

பெரியவர் வலை ஊசியை நிறுத்தினார். "அவுங்கதான் கழுவப் போறாங்களே பாப்பா. அப்புறம் நீ எதுக்குக் கழுவுற?"

கோயிலில் கழுவுவது அழுக்கை எடுக்க அல்ல, கழுவப்படும் கால் முன்கூட்டியே சுத்தமாக இருந்தாக வேண்டும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஆனால் அதை அவருக்கு எப்படிச் சொல்வது? நான் எண்ணிக்கையைத் தொடர்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் அப்பாவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "டெய்லி இந்நேரத்துக்கு வர்றியே, வேலைக்குப் போவல?" என்றார்.

"போறேன் போறேன்," என்றார் அப்பா. கழியின் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை.

நாலாம் ஞாயிறு துணியில் ஒற்றிப் பார்த்தேன். கேசரி. என் கண்ணையே நம்பாமல் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா துணியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ஆமாம், கொறைஞ்சிருக்கு," என்றாள். அவள் குரலில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. அம்மாவுக்கு எப்போதும் எதையும் உடனே ஒத்துக்கொள்ள மனம் வராது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் ஞாயிறு எலுமிச்சம்பழம். குழாயடியிலிருந்து அடுக்களைக்கு விழும் காலடிகள் வெறும் ஈரமாகிவிட்டன. அம்மாவுக்குத் துடைக்கிற வேலையும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி சோப்பும் மண்ணெண்ணெயும் செய்யாததை என் கை செய்துகொண்டிருந்தது.

அன்று மாமா மறுபடி வந்திருந்தார். அப்பாவும் அவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கூப்புட்டாங்களா மச்சான்?"

"இன்னும் இல்ல. பாப்போம்."

"பேசாம சிதம்பரத்துக்கு வந்துடுங்க. கடையில ரெண்டு பேருக்கு வேலை இருக்கு."

"இருக்கட்டும்டா. ஈஸ்டர் போவட்டும்."

நான் குறுக்கே போய், "அதான் பேரு படிச்சுக் கூப்பிட்டாச்சே மாமா. பதினோராவது பேரு," என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா என் தலையில் கையை வைத்து, "ஆமாம்டி, மறந்தே போயிட்டேன்," என்றார்.

அடுத்த புதன்கிழமை அப்பா வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக, "இன்னைக்கு வேணாம்மா. முடியல," என்றார். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். எனக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. துணியில் எலுமிச்சம்பழம் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. நான் அழவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை. நோட்டை எடுத்து வந்து, அன்றைய நாளுக்கு எதிரே வெறுமையாக இருந்த இடத்தை அவருக்குக் காட்டினேன். அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சைக்கிளை எடுத்தார்.

அன்று தேய்க்கும்போது வலது குதிகாலின் வெடிப்பு பிளந்து ரத்தம் வந்துவிட்டது. கொட்டாங்குச்சி மணலில் சிவப்பு சேர்ந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏன் நின்னுட்ட? இருநூத்திப் பதினொண்ணுல நிக்கிற. எண்ணு."

"ரத்தம் வருதுப்பா."

"உப்புத்தண்ணிதானே, ஆறிடும். வெள்ளையாக்குறேன்னு சொன்னேல்ல? முழுசா முடி. பாதியில வுட்டா நமக்குத்தான் அசிங்கம்."

மீதி எண்பத்தொன்பதையும் எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து அவரும் என்னோடு சேர்ந்து எண்ணினார்.

அடுத்து வந்த குருத்து ஞாயிறு அன்று போஸ்ட் கார்டு. பெரிய வாரத்துப் புதன்கிழமை, கடைசி மாலை, கழியோரத்திலேயே துணியை வைத்து ஒற்றினேன். ஈரம் மட்டும்தான் பதிந்தது. வெள்ளை. நகங்கள் மட்டும் கேட்கவில்லை. பத்து நகத்தின் நுனியிலும் மஞ்சள் பிறைபோல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா அவற்றை ஒட்ட வெட்டினாள். மொத்தம் இருபத்திரண்டு மாலைகள், ஒரு நாளைக்கு அறுநூறு, ஆகப் பதின்மூன்றாயிரத்து இருநூறு தேய்ப்புகள் என்று கூட்டி எழுதினேன்.

வியாழக்கிழமை மாலை பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைக்காதது. கடைசி நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். அது இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் நாற்காலி என்று ஒரு பேச்சு. அதனால் பெயர் படித்த வரிசையை மறந்துவிட்டு எல்லாரும் முன்னால் முட்டிக்கொள்வார்கள். அன்றும் பதினொரு பேர் கால்மணி நேரத்துக்கு முன்பே வந்து முதல் பதினொரு நாற்காலிகளை நிரப்பிவிட்டார்கள். அப்பா வந்தார், பார்த்தார், கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். என் பின்னால் நின்ற மாமா, "ஆள் கெடைச்சாச்சு," என்று முணுமுணுத்தார். அம்மா திரும்பி அவரை முறைத்தாள்.

பன்னிரண்டு பேரின் கால்களும் கண்ணாடி போல இருந்தன. எல்லார் வீட்டிலும் ஒரு வாரமாக இதே வேலைதான் நடந்திருக்கிறது. பேங்க்காரர் சொன்னபடி பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் பட்டதும் அது கூழாகிவிட்டது. சாமியார் துண்டை இரண்டு முறை மடித்துத் துடைக்க வேண்டியிருந்தது. பெஞ்சியின் மறுகோடியில் அவருடைய மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பாவின் முறை வந்ததும் நான் முழங்கால் பலகையின் மேல் ஏறி நின்றேன். அம்மா இறங்கச் சொல்லவில்லை. சாமியார் கூஜாவைச் சாய்த்தார். வலது காலில் தண்ணீர் விழுந்தது. தட்டில் தேங்கிய தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. துண்டால் ஒற்றினார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. குனிந்து முத்தமிட்டார். பிறகு எழுந்துவிட்டார்.

இடது காலைத் தொடவே இல்லை. எல்லாருக்கும் வலது கால் மட்டும்தான் கழுவினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறாயிரத்து அறுநூறு தேய்ப்பு ஒரு பிரயோசனமும் இல்லாமல் போயிற்று. எரிச்சலில் எனக்குக் கண்ணீர் முட்டியது. நிமிர்ந்து பார்த்தபோது அப்பா அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், துடைக்கக்கூடச் செய்யாமல், வெறும் கால் இரண்டையும் பார்த்தபடி. என் பக்கத்தில் அம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டிருந்தாள்.

திரும்பி வரும்போது இடது காலைப் பற்றிய என் குறையைச் சொன்னேன். "அதுவும் நம்ம காலுதானே பாப்பா. அது மட்டும் மஞ்சளா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அது நியாயமாகப் பட்டது. அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'முழு வெற்றி. அப்பா அழுதார். குதிகால் புண் எரிந்திருக்கும்.'

பல வருடங்கள் கழித்து, எனக்கே வேலையும் குடும்பமும் வந்த பிறகு, மாமா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தத் தவக்காலத்து மூன்றாம் வாரம் கம்பெனி அப்பா இருந்த பகுதியை நிறுத்திவிட்டது. அந்தச் சாயத்துக்கு ஆர்டர் இல்லை. கூப்பிடும்போது வாருங்கள் என்று அங்கிருந்த எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். தெருவுக்கும் எனக்கும் தெரியக் கூடாது என்று அப்பா தினமும் காலையில் டிபன் பையோடு கிளம்பி, முதுநகரில் மீன் ஏற்றும் இடத்துக்குப் போய் ஐஸ் பெட்டி தூக்கியிருக்கிறார். நாலரைக்கு அங்கே வேலை முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதில் இருந்தது. மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும் மனிதர் ஒரு நாள் தவறாமல் நாலே முக்காலுக்கு வந்தது. கை ஜில்லென்று இருந்தது. கம்பெனிக்குப் போய்வந்த வாரம் எதைப் போட்டாலும் அசையாத நிறம், போகாத வாரத்திலிருந்து படிப்படியாக இறங்கியது. சாயம் தொடாமல் மூன்று நாலு வாரம் இருந்தால் தோல் தானாகவே உரிந்து வெளுத்துவிடும் என்பது சாயக் கம்பெனியில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். நாள், செய்தது, நிறம் என்று மூன்று பத்தியையும் பிழையில்லாமல் நிரப்பியிருந்தேன். படிக்கத்தான் தெரியவில்லை.

அந்த நோட்டில் இன்னும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. ஈஸ்டர் முடிந்து ஆறாம் வாரம், கோடை விடுமுறை. இருட்டத் தொடங்கிய நேரத்தில் அப்பா வேலையிலிருந்து வந்தார். குழாயடியில் கால் கழுவினார். எதற்கோ வாசலுக்கு வந்த நான் சாக்கடைக்கு ஓடும் தண்ணீரைப் பார்த்தேன். மஞ்சள். அவர் உள்ளே நடந்தார். சிவப்புத் தரையில் லாரிப் பலகை நிறத்தில் காலடிகள் அடுக்களை வரைக்கும் விழுந்தன.

நான் கத்தினேன். இத்தனை நாள் உழைப்பையும் ஒரே நாளில் பாழாக்கிவிட்டீர்கள் என்று கத்தினேன். அவரோடு பேச மாட்டேன் என்று சொல்லி, இரண்டு நாள் பேசவும் இல்லை. அப்பா எனக்குச் சமாதானம் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றதுதான் எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. அம்மா ஈரத்துணியோடு வருவாள், எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் வாசல்படியில் நின்று அந்தக் காலடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். தடங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அந்தப் பக்கத்தில், கோபத்தில் பேனா அழுந்தி எழுதியது, இவ்வளவுதான்:

'மறுபடியும் லாரிப் பலகை. எல்லாம் வீண். அம்மா சேமியா பாயசம் வைத்தாள். தரையைத் துடைக்கவில்லை. இன்று யாருக்கும் பிறந்த நாள் இல்லை.'